பொருத்தம் பார்க்காமல் வாங்கும் சர்வர்கள்

தீவுகளின் அரசு சேவைகளைத் தாங்கும் ஒரு சர்வரில் குறை இருந்தால், அது ஒரு துறையோடு நிற்பதில்லை. ரேஷன் அட்டை, நிலப் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலின் டிக்கெட் ஆகியவை ஒரே பெட்டிக்குள் இருந்தால், அனைத்தும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். அந்தப் பெட்டியின் வன்பொருளும் அதில் ஓடவிருக்கும் மெய்நிகராக்க மென்பொருளும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்துபூர்வமாகச் சரிபார்க்க வேண்டும். அந்தமான் நிக்கோபாரில் இந்தச் சரிபார்ப்பை விற்பவரின் வாய்வார்த்தைக்கு விட்டுவிட முடியாது.

மெய்நிகராக்கம் தீவுகளுக்கு ஏற்ற தொழில்நுட்பம்தான். முன்பு துறைக்கு ஒரு சர்வர் என்பது வழக்கம். பாதி நேரம் அது வேலையின்றிக் கிடக்கும். மின்சாரத்தையும் குளிரூட்டலையும் மட்டும் முழுதாக எடுத்துக்கொள்ளும். மெய்நிகராக்க மென்பொருள் ஒரே சர்வரின் சிபியு, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, பத்து இருபது தனித்தனிக் கணினிகளாக ஓடச் செய்கிறது. பெரும்பாலும் டீசல் எரித்தே மின்சாரம் எடுக்கும் தீவுகளில் இந்தச் சிக்கனம் சிறிதல்ல. இதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இருபது கணினிகளின் சுமையை ஒன்றின் தலையில் ஏற்றினால், அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பவரின் பொறுப்பும் இருபது மடங்காகிறது.

சென்னையிலிருந்து கடலடி ஒளியிழை வந்துவிட்டதே, இனி எல்லாவற்றையும் தலைநிலத்தில் உள்ள தரவு மையத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைத்த அந்த இணைப்பு சுமார் 2,300 கி.மீ. நீளமுடையது. சுமார் 1,224 கோடி ரூபாய் செலவில் அமைந்தது. அப்போது போர்ட் பிளேராக இருந்த இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தையும், ஸ்வராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், காமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் அது சென்னையுடன் சேர்த்தது. செயற்கைக்கோள் அலைவரிசையில் பக்கம் திறக்கக் காத்துக் கிடந்த காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். ஆயினும் கடலடிக் கம்பி எங்கும் அறுபடக்கூடியது. நங்கூரமும் மீன்பிடி வலையும் நிலநடுக்கமும் அதற்குப் போதும். இந்தத் தீவுகள் நிலநடுக்க அபாயம் மிகுந்த மண்டலத்தில் இருக்கின்றன. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று, வெளியுலகத் தொடர்பு முற்றிலும் அறுந்த கிராமங்கள் எத்தனை என்பதை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனவே அத்தியாவசியச் சேவைகள் கம்பி அறுந்த நாளிலும் தீவுக்குள்ளேயே ஓட வேண்டும். அப்படி ஓட இங்கேயே சர்வர்கள் வேண்டும். அவை நம்பத்தக்கவையாக இருக்க வேண்டும்.

நம்பகத்தின் முதல் படி பொருத்தப் பட்டியல். மெய்நிகராக்க மென்பொருளைத் தயாரிப்பவர்கள், தாங்கள் சோதித்து ஏற்ற வன்பொருள்களின் பட்டியலை வெளியிடுகிறார்கள். சர்வரின் மாடல், சிபியுவின் தலைமுறை, பயாஸ் பதிப்பு, நெட்வொர்க் கார்டு, வட்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர், ஒவ்வொரு கார்டுக்கும் உரிய ஃபர்ம்வேர், அதற்கு இணையான டிரைவர் என்று இது கீழே இறங்கிக்கொண்டே போகும். மாடல் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்த அளவில் நிறுத்திக்கொள்வது சரிபார்ப்பாகாது. பெரும்பாலான தவறுகள் அதற்குக் கீழ் உள்ள வரிகளில்தான் இருக்கின்றன.

நெட்வொர்க் கார்டையே எடுத்துக்கொள்வோம். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம். இதனால்தான் ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிப்பாளர் எண், சாதன எண், துணைத் தயாரிப்பாளர் எண், துணைச் சாதன எண் என நான்கு அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். நான்கும் பட்டியலில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று ஒத்து ஒன்று மாறினால் பட்டியலைப் பொறுத்தவரை அது வேறு கார்டு. சர்வரை இயக்கி ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் இந்த நான்கு எண்களும் திரைக்கு வந்துவிடும். பொருளை ஏற்றுக்கொள்ளும் அலுவலருக்கு அரைமணி நேர வேலை.

வட்டுகளை நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலரில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. கார்டு பட்டியலில் இருக்கும், டிரைவரும் இருக்கும், ஆனால் அந்த டிரைவருக்குச் சொல்லப்பட்ட ஃபர்ம்வேர் வேறொன்றாக இருக்கும். இப்படிப்பட்ட சர்வர் முதல் நாளே தகராறு செய்வதில்லை என்பதுதான் சிக்கல். சோதனையில் தேறும், சான்றும் வாங்கும், மாதக்கணக்கில் ஓடும். சுமை கூடும் ஒரு நாளில் வட்டுகள் திடீரெனக் காணாமல் போகும், அல்லது ஊதாத் திரை வந்து சர்வர் உறைந்து நிற்கும். அதற்குள் ஏற்புச் சான்றில் கையெழுத்திட்டவர் வேறு பணிக்கு மாறியிருப்பார்.

பட்டியலில் இல்லாத வன்பொருளிலும் மென்பொருளை நிறுவிவிட வழிகள் உண்டு. பரவலாகப் பயன்படும் இஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளில், பழைய சிபியுவை அனுமதிக்கச் சொல்லும் ஒரு வரியைத் தொடக்கத்தில் சேர்த்தால், தடுத்து நின்ற நிறுவல் தொடரும். சொந்த வீட்டில் பழகிப்பார்ப்பவருக்கு அது உதவும். அரசுச் சேவையைத் தாங்கும் சர்வரில் அதைச் சேர்ப்பது, தயாரிப்பாளரின் ஆதரவை அன்றைக்கே துறந்துவிடுவதற்குச் சமம். பழுது வந்து உதவி கேட்டால், இந்த வன்பொருள் ஏற்கப்பட்டதல்ல என்ற ஒற்றைப் பதிலோடு உரையாடல் முடிந்துவிடும். தீவுகளின் எந்த அரசுச் சர்வரிலும் இந்த வரி இருக்கக் கூடாது. இருந்தால் அதைச் சேர்க்க அனுமதித்தவர் யார் என்பது கோப்பில் இருக்க வேண்டும்.

பொருத்தம் ஒருமுறை பார்த்து முடிக்கும் காரியமும் அல்ல. 2020 ஏப்ரலில் வந்த இஎஸ்எக்ஸ்ஐ 7.0, பழைய வகை டிரைவர்களை முற்றிலும் கைவிட்டது. அதுவரை ஓடிய பல கார்டுகள் ஒரே மேம்படுத்தலில் மென்பொருளின் கண்ணுக்குத் தெரியாமல் போயின. அதே பதிப்புதான், சிறிய எஸ்டி கார்டிலிருந்து சர்வரைத் தொடங்கும் பழக்கத்தையும் சிக்கலாக்கியது. முன்பைவிட அடிக்கடி எழுதப்பட்டதால் அந்தக் கார்டுகள் தேய்ந்து செயலிழந்தன. 2022 அக்டோபரில் வந்த 8.0, பத்தாண்டுக்கு முன் சந்தைக்கு வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறைச் சிபியுக்களை நீக்கியது. 2025 ஜூனில் வந்த 9.0 மேலும் சில தலைமுறைகளை ஒதுக்கியது. ஒரு பதிப்பில் பொருந்திய சர்வர் அடுத்ததில் பொருந்தாமல் போகலாம். பழைய பதிப்பிலேயே தங்கிவிட்டால், அதற்கும் கெடு உண்டு. 6.7 பதிப்புக்கான பொது ஆதரவு 2022 அக்டோபர் 15 அன்று முடிந்தது. 7.0 பதிப்புக்கு 2025 அக்டோபர் 2.

கெடு முடிந்த பதிப்பில் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 பிப்ரவரி சாட்சி. அந்த மாதத் தொடக்கத்தில் இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைக் குறிவைத்துப் பரவிய பணயத் தாக்குதல், உலகெங்கும் 3,800-க்கு மேற்பட்ட சர்வர்களைப் பூட்டியது. தாக்கியவர்கள் புதிய ஓட்டை எதையும் கண்டுபிடிக்கவில்லை. பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு அடைப்பு 2021 பிப்ரவரியிலேயே வெளியாகியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக அதைப் போடாமல் விட்டவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள். மேம்படுத்தினால் கார்டு ஓடாது, மேம்படுத்தாவிட்டால் ஓட்டை அடைபடாது என்ற இக்கட்டில் ஒரு நிர்வாகம் நிற்பதற்குக் காரணம், வாங்கிய நாளில் பட்டியலைப் பார்க்காததே. மெய்நிகர் சர்வரைப் பூட்டினால் அதற்குள் இருக்கும் எல்லாக் கணினிகளும் ஒன்றாகப் பூட்டுப்படும் என்பதையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும்.

மாற்றுச் சர்வர் ஒன்று இருக்கிறதே என்ற ஆறுதலும் எல்லா நேரத்திலும் செல்லாது. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமல் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால், இரண்டின் சிபியுவும் ஒரே தயாரிப்பாளருடையதாக, ஒத்துப்போகும் தலைமுறையினதாக இருக்க வேண்டும். முதல் சர்வர் இன்டெல் சிபியுவோடு வந்திருக்கும். மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது டெண்டரில் ஏஎம்டி சிபியு உள்ளது விலை குறைவாக வரும். இரண்டும் தனித்தனியே நல்ல சர்வர்கள். ஆனால் ஓடும் கணினியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்த முடியாது. நிறுத்தி, மற்றதில் புதிதாகத் தொடங்க வேண்டும். சேவை நிற்காது என்று சொல்லிப் பெற்ற பணத்தில், நின்று நின்று ஓடும் சேவையே கிடைக்கும்.

இது யாரோ ஒருவரின் கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. கொள்முதல் முறையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 149-ஆம் விதி, அரசின் மின்சந்தையில் கிடைக்கும் பொருளை அங்கேயே வாங்க வேண்டும் என்கிறது. டெண்டரில் சிபியுவின் கோர் எண்ணிக்கை, நினைவகத்தின் அளவு, வட்டின் கொள்ளளவு ஆகியவற்றை எழுதுகிறார்கள். எல்லாம் எண்கள். எண்கள் அனைத்தையும் நிறைவேற்றியவர்களில் குறைந்த விலை சொன்னவர் எல்-1 ஆகிறார். அவர் கொடுக்கும் சர்வர் எல்லா எண்களிலும் தேறி, பொருத்தப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். விதியை மீறாமலேயே தவறான பொருளை வாங்கிவிடலாம். விதியின் மேல் பழி போடுவதற்கில்லை. தேவையான தொழில்நுட்ப நிபந்தனையை எழுதுவதை விதி தடுக்கவில்லை. எழுதாதது டெண்டர் தயாரித்தவரின் பொறுப்பு.

தலைநிலத்தில் இந்தத் தவறின் விலை ஒரு நாள் தடங்கலாக இருக்கலாம். அங்கே மாற்று கார்டு அன்று மாலையே வந்துவிடும். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கப்பல் ஏறத்தாழ மூன்று நாள் எடுக்கிறது. விமானத்தில் வந்தாலும், கேம்ப்பெல் பே அங்கிருந்து இன்னும் சுமார் 500 கி.மீ. தெற்கே கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் உள்தீவுக் கப்பல்கள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்கும். கார்டு வந்தாலும் அதை மாட்டி ஃபர்ம்வேரைச் சரிசெய்யத் தெரிந்தவர் வர வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, ஓயாத ஈரப்பதம், கடற்காற்றின் உப்பு ஆகியவை சர்வரின் பலகைகளை அரிப்பதும் இங்கே கூடுதல். தலைநிலத்தில் ஒரு தவறாக இருப்பது தீவில் ஒரு முற்றுகையாகிறது.

மின்சாரம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. தீவுகளின் மின்வலை நாட்டின் மின்வலையோடு இணைந்ததல்ல. மின்தடை வரும்போது யுபிஎஸ் சில நிமிடங்கள் தாங்கும். அந்த நிமிடங்களுக்குள் அது மெய்நிகராக்க மென்பொருளுக்குச் செய்தி அனுப்பி, உள்ளே ஓடும் கணினிகளை வரிசையாக அணைக்கச் சொல்ல வேண்டும். யுபிஎஸ்ஸின் தொடர்புக் கார்டும் அதன் மென்பொருளும் சர்வரின் பதிப்போடு பேசத் தெரியாதவையாக இருந்தால், செய்தி போகாது. பேட்டரி தீர்ந்து எல்லாம் ஒரே நொடியில் அணையும். தரவுத்தளம் பாதி எழுதிய பதிவோடு நின்றுபோகும். பொருத்தம் பார்ப்பவர்கள் சர்வரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யுபிஎஸ் பெரும்பாலும் வேறொரு டெண்டரில், வேறொரு பிரிவின் கையில் இருக்கிறது.

உரிமக் கட்டணம் ஏறிவிட்டது, திறமூல மென்பொருளுக்கு மாறிவிடுவோம் என்ற யோசனை இப்போது பல இடங்களிலும் எழுகிறது. 2023 டிசம்பரில் இஎஸ்எக்ஸ்ஐ-க்கான நிரந்தர உரிமம் நிறுத்தப்பட்டு, சந்தா முறை வந்ததிலிருந்து அது வலுத்திருக்கிறது. திறமூல மெய்நிகராக்க மென்பொருளான கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. அதன் மேல் கட்டிய ப்ராக்ஸ்மாக்ஸ் போன்றவை நன்றாகவே ஓடுகின்றன. மாறுவதை நாம் குறை கூறவில்லை. ஆனால் மாறினாலும் பொருத்தம் பார்க்கும் கடமை நீங்காது. வேறு வடிவத்தில் திரும்பி வரும். இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை வட்டுகளை நேரடியாகக் கையாள விரும்புகிறது. ரெய்டு கன்ட்ரோலர் நடுவில் நின்றால் அதன் பாதுகாப்பு குலையும். பழைய விண்டோஸ் கணினியை அப்படியே தூக்கிவந்தால், கேவிஎம்முக்குரிய விர்ட்டியோ டிரைவரை முன்கூட்டியே போடாத நிலையில் அது தொடங்காமலே போகலாம். மாற்றத்தை அறிவிக்கும் முன் இந்தச் சோதனைகள் முடிந்திருக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம். டெண்டர் நிபந்தனைகளை எழுதும் துறைக்கு முதற்பொறுப்பு. அவற்றை ஆராய்ந்து ஒப்பும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவுக்கு இரண்டாவது. பொருளைப் பெற்றுச் சான்றளிக்கும் அலுவலருக்கு மூன்றாவது. மேம்படுத்தல் காலத்தில் பதிப்புக் கெடுவைக் கண்காணிக்க வேண்டியது தகவல் தொழில்நுட்பப் பிரிவு. இவர்கள் அனைவரையும் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் தணிக்கை இருக்கிறது. இந்த ஒன்றியப் பிரதேசத்துக்குச் சட்டமன்றம் இல்லை. கேள்வி நேரத்தில் எழுந்து கேட்கவும் குழு அமைத்துக் கோப்பை வரவழைக்கவும் இங்கே அவை கிடையாது. மக்களவையில் ஓர் உறுப்பினர் மட்டும். கேட்பாரின் எண்ணிக்கை குறைந்த இடத்தில், கேட்காமலேயே தெரிவிக்கும் கடமை நிர்வாகத்துக்குக் கூடுகிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அந்தக் கடமையை முன்பே விதித்திருக்கிறது.

எல்லாவற்றையும் வெளியிடச் சொல்லவில்லை என்பதையும் தெளிவாக்குகிறோம். எந்தத் துறையின் சர்வர் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று பட்டியலிட்டு ஒட்டினால், அது தாக்க நினைப்பவருக்கு வழிகாட்டியாகிவிடும். மக்களுக்கு வேண்டியது அதுவல்ல. சர்வர்கள் சரிபார்க்கப்பட்டனவா, எந்தத் தேதியில், எத்தனை தேறின, தேறாதவற்றை எப்போது மாற்றுகிறார்கள் என்ற விவரம் போதும். விரிவான பட்டியல் தணிக்கையின் மேசைக்குப் போகட்டும். 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான இணையப் பாதுகாப்பு ஆணைப்படி, ஒரு சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தன் சர்வர்களில் என்ன இருக்கிறது என்ற கணக்கே கையில் இல்லாத துறை, 6 மணி நேரத்துக்குள் என்ன தெரிவிக்கும்?

செய்ய வேண்டியது அதிகச் செலவு பிடிப்பதுமல்ல. டெண்டரில் ஒரு நிபந்தனை வேண்டும்: கொடுக்கப்படும் சர்வர், கார்டுகள், ஃபர்ம்வேர் அனைத்தும் குறிப்பிட்ட மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்புக்கான பொருத்தப் பட்டியலில் இருப்பதற்கான தாளை விற்பவர் இணைக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் பெயரை எழுதினால் போட்டி சுருங்கும் என்ற ஆட்சேபத்துக்குப் பதில் உண்டு: ஏற்கனவே ஓடும் மென்பொருளோடு பொருந்த வேண்டும் என்பது விற்பவருக்குக் காட்டும் சலுகையல்ல, வாங்குபவரின் தேவை. பொருள் வந்து இறங்கியதும், நான்கு அடையாள எண்களும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட வேண்டும். ஒப்பிட்டவர் பெயரோடு கையெழுத்திட வேண்டும். அதற்குப் பின்பே தொகை விடுவிக்கப்பட வேண்டும். மேம்படுத்தலை முதலில் ஓட்டிப்பார்க்க, அதே மாடலில் ஒரு சோதனைச் சர்வர் வேண்டும். கெட்டுப்போகக் கூடிய கார்டுகளும் வட்டுகளும் ஸ்ரீ விஜயபுரத்திலும், தெற்கே நிக்கோபாரில் ஓரிடத்திலும் இருப்பில் இருக்க வேண்டும். சோதனைச் சர்வர் ஆடம்பரம் என்று நிதிப் பிரிவு சொல்லக் கூடும். கப்பல் டிக்கெட் கவுன்ட்டர் ஒரு வாரம் மூடிக்கிடப்பதன் செலவை அதே தாளில் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஏற்கனவே ஓடும் சர்வர்களுக்கு இது பொருந்தாது என்று விட்டுவிடக் கூடாது. அவற்றின் மேல்தான் இன்றைய சேவைகள் நிற்கின்றன. துறைவாரியாக அவற்றைக் கணக்கெடுத்து, பட்டியலோடு ஒப்பிட்டு, ஆதரவு முடிந்தவற்றையும் பொருந்தாதவற்றையும் பிரிக்க வேண்டும். மருத்துவமனை, கப்பல், பேரிடர் மேலாண்மை ஆகிய மூன்றும் முதலில். மற்றவை பின்னால் வரலாம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் 3,80,581 பேர் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அரசு அலுவலகம் என்பது ஒரு நாள் கப்பல் பயணம். கவுன்ட்டரில் வந்து நின்றவரிடம் சர்வர் ஓடவில்லை என்று சொன்னால், அவர் இழப்பது ஒரு மணி நேரத்தையல்ல. போக வர இரண்டு நாளையும் கூலியையும். பொருத்தம் பார்த்ததற்கான சான்று இணைக்கப்படாத எந்தச் சர்வர் டெண்டரையும் தீவு நிர்வாகம் இனி ஏற்கக் கூடாது. ஏற்கனவே ஓடும் சர்வர்களின் கணக்கெடுப்பை அடுத்த பருவமழைக்கு முன் முடித்து, அதன் முடிவை மக்கள் முன் வைக்க வேண்டும்.